சேதி திரும்பி வரவேணும்

வணக்கம் நேயர்களே. சிலர் அடுப்படியில் நின்று கேட்பீர்கள், சிலர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பீர்கள். பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் கையை நீட்டி எடுங்கள். எடுத்தாயிற்றா? சரி. உங்கள் கை கோப்பையை நோக்கிப் போகும்போது, இன்னும் எவ்வளவு தூரம் மிச்சம் என்ற சேதி கண்ணிலிருந்தும் தசையிலிருந்தும் மூளைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. மிச்சம் குறையக் குறையக் கையும் வேகத்தைக் குறைத்தது. இப்படிச் செய்ததன் விளைவு செய்தவரிடமே திரும்பி வருவதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பின்னூட்டல் என்கிறோம். நான் பேசவந்த சைபர்நெட்டிக்ஸ் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டு நீங்கள் எழும்பிப் போக நேர்ந்தால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சேதி திரும்பி வரவேணும்.

இந்தத் துறைக்கு 1948இல் பெயர் வைத்தவர் நோர்பேட் வீனர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லை எடுத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். அதே சொல் லத்தீன் வழியாக மாறி மாறிக் கடைசியில் 'கவர்னர்' ஆனது. சுக்கானைப் பற்றி, யாழ்ப்பாணத்துக் கரையில் இருக்கும் வல்வெட்டித்துறை ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும், கப்பலை ஓட்டும் தண்டயல், அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், எவ்வளவு விலகியது என்று பார்த்து அந்த விலகலுக்குத் தக்கபடி சுக்கானைத் திருப்புவார், திருப்பிவிட்டுத் திரும்பவும் பார்ப்பார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை நம்மவர்கள் அத்திலாந்திக் கடலைத் தாண்டி ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அந்த வருடங்களில் அதே மாநிலத்தில், எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகத்தில்தான் வீனர் படிப்பித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடம்பு புல்லரிக்கிறது.

விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய ஊர் இது. ஆனபடியால் அடுத்த கதையை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், வீனரும் ஜூலியன் பிகலோ என்ற பொறியியலாளரும் விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். குண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் விமானம் வேறிடத்துக்குப் போய்விடும். அது எங்கே இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, கணிப்புப் பிழைத்தால் திருத்தி, திரும்பக் கணிக்கவேணும். அப்போது ஒரு விஷயம் தெரியவந்தது. திருத்தம் அளவுக்கு மிஞ்சினால் இயந்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கி, ஆட்டம் வரவரப் பெரிதாகிவிடும். மனிதருக்கும் இப்படி ஒரு வருத்தம் உண்டா என்று ஆர்துரோ ரோசன்புளூத் என்ற மெக்சிக்கோ நாட்டு உடற்றொழிலியல் அறிஞரிடம் கேட்டார்கள். உண்டு என்றார் அவர். சிறுமூளை பழுதுபட்டவர் சும்மா இருக்கும்போது கை நடுங்காது. தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனால்தான் கை தாண்டிப் போகும், திருத்தினால் மறுபக்கம் தாண்டும், கடைசியில் தண்ணீர் முழுவதும் சிந்திவிடும். பீரங்கிக்கும் மனிதக் கைக்கும் ஒரே நோய்! மூவரும் சேர்ந்து 1943இல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான். போர் முடிந்த பிறகு, ஏவுகணை வேலைக்காகத் தன் ஆய்வுப் பிரதியைக் கேட்டவருக்கு வீனர் தர மறுத்து எழுதிய கடிதம் 1947 ஜனவரியில் ஒரு சஞ்சிகையில் அச்சாகி வந்தது. அந்தக் கடிதத்துக்காகவே எனக்கு அந்த மனிதரில் பெரிய மதிப்பு.

இனி எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் வந்தேன்.

வலிகாமத்தில், கடலுக்கு அதிக தூரமில்லாத ஒரு தோட்டம் எங்களுடையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துலா இறைப்புத்தான், கிணற்றுக்கு மேல் ஏறி இறங்கும் நீண்ட மரந்தான் துலா. விடியப்புறம் நான்கு மணிக்கே பெரியப்பாவும் இன்னொருவரும் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்று வாயில் அப்பா நின்று, தண்ணீர் அள்ளும் பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். தோட்டத்துக்குள் அம்மா மண்வெட்டியோடு தண்ணீர் மாறுவார். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட்டு "மாறியாச்சு" என்று குரல் கொடுப்பார். கிணற்றில் நீர் இறங்க இறங்கத் துலாவை இன்னும் தாழ்த்த வேண்டியிருக்கும், மிதிப்பவரின் கால் அதை உணரும். பட்டையின் அடி கல்லில் உரசும் சத்தம் ஒன்று இருக்கிறது, கரகர என்று. அந்தச் சத்தம் கேட்டால் அப்பா கையைத் தூக்குவார். "காணும், கிணறு ஊறட்டும்." அன்றைய இறைப்பு அவ்வளவுதான். ஒரு சேதியும் ஒரு கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை, யாரும் யாரையும் காத்திருக்க வைக்கவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது. மெசினை நான் குறை சொல்லமாட்டேன். பெரியப்பாவின் முழங்காலை நினைத்தால் அது வந்தது நல்லதுதான். ஆனால் அதுவரை காலும் காதும் சொன்ன சேதியை மெசின் சொல்லவில்லை. சில வருடங்களில் மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறைத்தோம். இன்னும் கருகியது. இன்னும் இறைத்தோம். அம்மா ஒருநாள் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டு ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். கிணறு உவர்ந்துவிட்டது. சிறுமூளை பழுதுபட்டவரின் கையைப் போல நாங்களும் திருத்தத் திருத்தத் தாண்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

ஏன் என்று சொல்கிறேன், படம் தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். ஆனால் உடனே ஏறாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். சேதி வரும், பிந்தி வரும். பிந்தி வரும் சேதி, வராத சேதியை விடச் சில வேளை மோசம், ஏனென்றால் அது வரும்போது நாங்கள் அதற்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருப்போம். இதைத் திரும்பவும் சொல்கிறேன், திரும்பி வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு வரவேணும்.

தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு விரலைக் காட்டுகிறார். கிரே வோல்ட்டர் இங்கிலாந்தில் செய்த, வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து போகும் எல்மர், எல்சி என்ற இரண்டு இயந்திர ஆமைகளையும் கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் ஊளையிடுவதையும் பற்றிச் சொல்ல இருந்தேன், அவை இன்னொரு நாளைக்கு.

சிலி நாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1971இல் ஸ்டபோர்ட் பியர் என்ற ஆங்கிலேயரை அங்கே அழைத்து, தொழிற்சாலைகளின் நிலைமை அன்றன்றே தலைநகருக்குத் தெரியும்படி, தட்டச்சடித்த சேதியைக் கம்பி வழியே அனுப்பும் டெலெக்ஸ் இயந்திரங்களால் ஒரு வலையமைப்பை உண்டாக்கினார்கள். 1972 ஒக்டோபரில் லொறி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே பொருள் முடிகிறது என்று அந்த டெலெக்ஸ் மூலம்தான் அறிந்து மிச்ச லொறிகளை அனுப்பினார்கள். 1973 செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த ஏற்பாடும் அதோடு போய்விட்டது. அது மேலேயிருந்து கண்காணிக்கும் கருவியா, தொழிலாளர் குரல் மேலே போகும் வழியா என்ற கேள்வி முக்கியமானது, அதற்குள் இறங்க இப்போது நேரமில்லை.

ஒரு நிமிடம்கூட இல்லை. கிணறு வைத்திருப்பவர்கள் ஒரு நைலோன் கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில், இறைக்கத் தொடங்குமுன், கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் நிற்கிறது என்று பார்த்துச் சுவரில் கரியால் எழுதுங்கள். கோடை முடியும்போது அந்தக் கணக்கை ஒரு தபாலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள், எனக்கு அது வந்து சேரும். வணக்கம்.