வழுவைச் சொன்னால் "நீங்களே சரிசெய்யுங்கள்" என்கிறார்களே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டற்ற மென்பொருளில் (எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில்) ஒரு வழுவை, அதாவது பிழையைக் கண்டு தெரிவித்தால், 'முடிந்தால் நீங்களே சரிசெய்து அனுப்புங்கள்' என்று பதில் வருகிறது. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாதா? ஊதியம் பெறாதவர்களை நம்பி முக்கியமான வேலைகளைச் செய்யலாமா?"

நியாயமான வருத்தம்தான். அந்தப் பதிலைச் சிலர் முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் உண்டு, அது தவறு. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது அலட்சியம் அன்று. கட்டற்ற இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் திட்டத்தில் 1998-இல் ஏற்கப்பட்ட அமைப்புவிதிகள், திட்டத்திற்காக வேலை செய்யும் கடமையை எவர்மீதும் சுமத்துவதில்லை என்றும், ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்ய விரும்பாதவர் அதைச் செய்யாமல் இருக்கலாம் என்றும் வெளிப்படையாகவே கூறுகின்றன. அப்படியிருந்தும் அத்திட்டம் இன்றுவரை நடந்து வருகிறது என்றால், அங்கே வேலை செய்பவர்கள் விரும்பியே செய்கிறார்கள் என்பதுதான் காரணம்.

"நீங்களே செய்யுங்கள்" என்பதில் உள்ள தற்சார்பை எல்லாவற்றையும் தனியாளாகச் செய்வது என்று பொருள்கொள்ள வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை உருவாக்குவோர் தங்கள் மூலநிரலில் (தாங்கள் எழுதும் நிரலில்) செய்யும் மாற்றங்களை நிர்வகிக்க, ஒரு நிறுவனத்தின் தனியுரிமை (கட்டற்றதல்லாத) மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 2005-இல் அந்நிறுவனம் அச்சலுகையைத் திரும்பப் பெற்றதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் அதே வேலைக்காகக் கிட் என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட் தன் மூலநிரலைத் தானே நிர்வகிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் அதன் பராமரிப்பை, அதற்குள் தொடர்ந்து பங்களித்து வந்திருந்த ஜுனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். தொடங்கியவர் விலகிய பிறகும் கிட் வளர்ந்ததற்கு, பொறுப்பை ஏற்க ஒருவர் தாமாகவே தயாராகியிருந்ததுதான் காரணம்.

நம்பலாமா என்ற கேள்விக்கு எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் நடந்ததை ஊன்றிப் பார்க்க வேண்டும். எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருக்கும் இந்தக் கோப்புச்சுருக்க மென்பொருளை நெடுங்காலம் ஒருவரே, ஊதியமின்றி, ஓய்வுநேரத்தில் பராமரித்து வந்தார். "ஏன் தாமதம், வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாரென்று தெரியாத சிலரின் பெயர்களில் அவருக்கு நெருக்குதல் வந்தது. நெடுநாள் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் இணைப் பராமரிப்பாளரானார். 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் மூலமாகவே ஒரு புறவாசல் (வெளியாள் கணினிக்குள் நுழைய மறைவாக வைக்கப்படும் வழி) நுழைக்கப்பட்டது. அதை மார்ச் மாதம் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையச் சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாமல் தோண்டினார். அவரை யாரும் அதற்காகப் பணிக்கவில்லை. உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்க அவருக்கு வழியிருந்தது. பார்த்தே தீர வேண்டும் என்ற அக்கறையும் இருந்தது. அதே வேளையில், களைத்துப்போன ஒரு தன்னார்வலரிடம் கேட்டுக்கொண்டே இருந்து, கைகொடுக்க எவரும் முன்வராத நிலைதான் அந்த வஞ்சகத்துக்கு வழிவிட்டது என்பதையும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய மென்பொருளைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனங்கள் அதன் பராமரிப்பாளர்களுக்கு ஊதியம் அளிப்பதே முறை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாதே என்பீர்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தியபோது, திரையில் என்ன செய்தி வந்தது என்று வரிசையாக எழுதுங்கள்; அதைப் படிப்பவர் தம் கணினியில் அதே வழுவை வரவழைக்க முடிந்துவிட்டால், பெரும்பாலும் பாதி வேலை முடிந்துவிடும். வேறொருவர் சொன்ன வழு உங்களிடமும் வருகிறதா என்று சோதித்துச் சொல்வதும் பங்களிப்பே. அடுத்த முறை "நீங்களே சரிசெய்யுங்கள்" என்று பதில் வந்தால், எந்தக் கோப்பிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று திருப்பிக் கேளுங்கள். பல பராமரிப்பாளர்கள் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்கள்.