பந்தைத் தொடாத ஐந்து பேர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிக் கொஞ்சம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். யாராவது ஒரு பெரிய குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள், அதாவது பின்னால் நின்று பந்தைத் தூரமாக எறிவாரே, விளம்பரத்தில் எல்லாம் வருவாரே, அவரைப் பற்றி. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இன்றைக்குப் பேசப் போவது அவருக்கு முன்னால் முதுகை வளைத்துக் குனிந்து நிற்கிற ஐந்து குண்டு மனிதர்களைப் பற்றி.

இந்த ஆட்டத்தை முதலில் பார்த்த காலத்தில் எனக்கு அவர்கள் எதற்கு என்றே புரியவில்லை. ஒரு நொடி எல்லாரும் சிலையாக நிற்கிறார்கள், அடுத்த நொடி 140 கிலோ ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள், பந்து எங்கோ போய்விட்டது. பிறகுதான் மெல்லப் பிடிபட்டது. நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே இரண்டு டேக்கிள். எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்கவிடாமல் இரண்டு மூன்று நொடி தடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பந்தோடு ஓடுகிறவனுக்கு முட்டி மோதி வழி திறந்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். சென்டர் மட்டும் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். மற்றபடி, எறிகிற பந்தைப் பிடிக்க விதிப்படி இவர்களுக்கு உரிமையே கிடையாது, நடுவரிடம் முன்கூட்டியே சொல்லி இடம் மாறி நின்றால் ஒழிய. வர்ணனையாளர் இவர்கள் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார் என்று அர்த்தம். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள், அந்த மாதிரி.

நான் எடுத்துக்கொள்வது ஒரே அணி, பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். 1933இல் தொடங்கிய அணி. அந்த அணியின் லைன்மேன்களில், அதாவது இந்த முன்வரிசைக்காரர்களில், பல பேருடைய பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முக்கால்வாசிப் பேர் முதலில் வேறு ஏதோவாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது இடது டேக்கிளாக ஆடும் ஜோர்டன் மைலாட்டாவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பாங்க்ஸ்டவுன் பகுதியில் பிறந்தவர், பெற்றோர் சமோவா வழி வந்தவர்கள். ஆறடி எட்டங்குலம், 165 கிலோ. ஆடியது ரக்பி லீக். பதின்பருவத்திலேயே இதயத் துடிப்பில் கோளாறு வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், அதற்கப்புறமும் சவுத் சிட்னி அணியின் 20 வயதுக்குட்பட்டோர் குழுவில் ஆடினார். ரக்பியில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு இந்த உடம்பு கொஞ்சம் கூடுதல். சரி, வேறு நாட்டு ஆட்டக்காரர்களைப் பழக்குவதற்கு அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது, அதில் சேர்ந்து ஃப்ளோரிடாவுக்குப் போய்ச் சில மாதம் பயிற்சி எடுத்தார். 2018 டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியில், ஏழாவது சுற்றில், 233ஆவது ஆளாக ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு வரைக்கும் அந்த மனிதர் அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை! பள்ளியிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை. தலைக்கவசத்தை எப்படி மாட்டுவது என்பதிலிருந்து கற்றுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் இரண்டு வருஷம் களத்துக்கே வரவில்லை, முதுகுப் பிரச்சினை வேறு. இந்த இடத்துக்காகவே 2019இல் முதல் சுற்றில் ஆண்ட்ரே டில்லார்ட் என்ற டேக்கிளை அணி எடுத்து வைத்திருந்தது. 2020இல் டில்லார்டுக்குக் காயம், மைலாட்டாவுக்கு வழி கிடைத்தது. 2021இல் இருவருக்கும் நேருக்கு நேர் போட்டி வைத்தார்கள், கல்லூரியில் வருஷக்கணக்காக இதையே செய்துவந்தவரை ரக்பிக்காரர் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தோடு ஆள் பிரமாதமாகப் பாடவும் செய்வார். 2022இல் ஈகிள்ஸ் லைன்மேன்கள் சேர்ந்து போட்ட கிறிஸ்துமஸ் பாட்டுத் தொகுப்பில் அவர் குரலைக் கேட்டால், இந்த உடம்புக்குள்ளிருந்தா இவ்வளவு மென்மை என்று தோன்றும்.

அடுத்த கோடியில் வலது டேக்கிள் லேன் ஜான்சன். டெக்சாஸில் க்ரோவ்டன் என்கிற சின்ன ஊர்க்காரர். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த விளம்பர நாயகன் இருக்கிறாரே குவார்ட்டர்பேக், அதுவாகத்தான் இருந்தார்! பள்ளியில் குவார்ட்டர்பேக், அப்புறம் கில்கோர் என்ற இரண்டு வருஷக் கல்லூரியிலும் குவார்ட்டர்பேக். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பந்து பிடிக்கும் டைட் எண்ட் இடத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்து எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் தற்காப்பு வரிசைக்கு, உடம்பு கிலோ கிலோவாக ஏற ஏறக் கடைசியில் டேக்கிள். 2013 டிராஃப்டில் மொத்த நாட்டிலும் நான்காவது ஆளாகத் தேர்வானார். இதை அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு என்பதா இறக்கம் என்பதா, எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பந்தை எறிந்துகொண்டிருந்த கை, இப்போது எறிகிறவனுக்குக் காவல் நிற்கிறது. அவரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் 2014இல் 4 ஆட்டமும் 2016இல் 10 ஆட்டமும் வெளியே உட்கார வைக்கப்பட்டவர். 2021இல் மன அழுத்தத்தால் 3 ஆட்டங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னதும் உண்டு. அவருக்குப் பக்கத்தில் பல வருஷம் கார்டாக ஆடிய பிராண்டன் புரூக்ஸ் பதற்ற நோயால் ஆட்ட நாள் காலையில் வாந்தியெடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஆகிருதியைப் பார்த்தால் யாருக்கு நம்பிக்கை வரும்?

மைலாட்டாவுக்கு முன்னால் அந்த இடது பக்கத்தை 2009 முதல் காத்தவர் ஜேசன் பீட்டர்ஸ். அவரும் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக இருந்தவர்தான். 2004 டிராஃப்டில் ஏழு சுற்றிலும் ஒருவரும் அவரைச் சீந்தவில்லை. பஃபலோ அணி சும்மா கூப்பிட்டு வைத்துக்கொண்டு டேக்கிளாக மாற்றியது, அங்கிருந்துதான் ஈகிள்ஸுக்கு வந்தார்.

இப்போது 2011ஆம் வருஷத்துக்குப் போவோம், எனக்கு மிகவும் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது. அந்த வருஷம் ஈகிள்ஸ் இரண்டு முன்வரிசைக்காரர்களை எடுத்தது. முதல் சுற்றில், 23ஆவதாக, டேனி வாட்கின்ஸ். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த தீயணைப்பு வீரர். தீயணைப்புப் படிப்புக்காகக் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரிக்குப் போனவரை அங்கே ஃபுட்பாலுக்கு இழுத்துவிட்டார்கள், பிறகு பேய்லர் பல்கலைக்கழகம், டிராஃப்ட் ஆனபோது வயது 26. பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா, கொண்டாடித் தீர்த்தார்கள். அதே டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 191ஆவதாக, சத்தமில்லாமல் இன்னொருவர். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் ஹைட்ஸ் ஊர்க்காரர், பள்ளி ஜாஸ் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்காகவும், தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராகவும் ஆடியவர். எந்தக் கல்லூரியும் உதவித்தொகை கொடுக்காததால் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தானாகவே போய், எனக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று நின்றவர். அவர்கள்தான் அவரை முன்வரிசைக்குத் தள்ளினார்கள். பெயர் ஜேசன் கெல்சி.

வாட்கின்ஸ் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார், 2013இல் அணி விடுவித்துவிட்டது, அவர் மறுபடி தீயணைப்பு வேலைக்கே போனார், டெக்சாஸில். பல பேர் இதைத் தோல்விக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவருக்குப் பிடித்த வேலை எது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது, நடுவில் பெரிய பணம் வந்து வழிமறித்தது, அவ்வளவுதான். கெல்சியோ 13 வருஷம் அதே அணியில் சென்டராக இருந்துவிட்டு 2024 மார்ச்சில்தான் ஓய்வு பெற்றார். ஒரு சென்டருக்கு அவர் சின்ன ஆள், 130 கிலோதான். இந்த "தான்" இவர்கள் உலகத்தில் மட்டும் செல்லும்.

2018 பிப்ரவரியில் ஈகிள்ஸ், பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை முதல் தடவையாக வென்றது, நியூ இங்கிலாந்து அணியை 41-33 என்று. அந்த வெற்றி ஊர்வலத்தில் கெல்சி, பிலடெல்ஃபியாவில் புத்தாண்டன்று வேஷம் கட்டி ஊர்வலம் போகும் மம்மர்கள் போடுகிற ஜிகினா உடையை மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். என்ன கத்தினார் தெரியுமா? முன்வரிசையில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் ஊர் என்ன பேசியது என்று பட்டியல் போட்டார், பீட்டர்ஸ் கிழடு, புரூக்ஸுக்குப் பதற்றம், ஜான்சனுக்கு மருந்துப் பழக்கம், நான் சின்ன ஆள் என்று. குவார்ட்டர்பேக்குகள் மேடையேறினால் இப்படிப் பேச மாட்டார்கள்.

கெல்சியின் இடத்தில் இப்போது கேம் ஜுர்கன்ஸ், நெப்ராஸ்காக்காரர், பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது அவரும் டைட் எண்ட். உப்புக்கண்டம் மாதிரியான மாட்டிறைச்சி வற்றல் வியாபாரம் வைத்திருக்கிறார், பக்கத் தொழிலாக. 2025 ஜனவரியில் வாஷிங்டனோடு நடந்த ஆட்டத்தில் அவருக்கு முதுகுவலி, அதனால் கார்டு லாண்டன் டிக்கர்சன் சென்டருக்கு நகர்ந்தார், டிக்கர்சனுக்கும் முழங்காலில் அடிபட்டது, பிறகு வேறு வழியில்லாமல் முதுகுவலிக்காரரே எழுந்து வந்து மீதி ஆட்டத்தை முடித்தார். ஈகிள்ஸ் 55-23 என்று ஜெயித்து சூப்பர் பவுலுக்குப் போய், கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தியது.

பக்கத் தொழில் என்றவுடன் பழைய ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1943இல் உலகப் போர், ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ராணுவத்தில். ஆள் போதாமல் ஈகிள்ஸும் பிட்ஸ்பர்க் அணியும் ஒரு வருஷம் ஒன்றாகச் சேர்ந்து ஆடின. இரண்டு பெயரையும் ஒட்டி ஸ்டீகிள்ஸ் என்று ஊர் கூப்பிட்டது. ராணுவம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள்தான் பெரும்பாலும் மிச்சம், சென்டர் ரே கிரேவ்ஸுக்கு ஒரு காது கேட்காது. பகலில் போர்த் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சி. அப்படியும் ஐந்து ஆட்டம் ஜெயித்து, நான்கு தோற்று, ஒன்றைச் சமன் செய்தார்கள்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் சக் பெட்நாரிக். பென்சில்வேனியாவில் பெத்லஹெம் ஊரில், ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறியவர்களுக்குப் பிறந்தவர், அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை. போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி இயக்குபவராக ஜெர்மனிமேல் 30 தடவை பறந்துவிட்டு, உயிரோடு திரும்பிவந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1949 டிராஃப்டில் முதல் ஆள். ஆட்டம் இல்லாத மாதங்களில் கான்கிரீட் விற்பார், அதனால் கான்கிரீட் சார்லி என்று பெயர். 1960 டிசம்பர் 26, பட்டத்துக்கான ஆட்டம், எதிரில் கிரீன் பே. 35 வயதில் அவர் சென்டராகவும் ஆடினார், எதிரணி பந்தோடு வரும்போது லைன்பேக்கராகவும் ஆடினார். கடைசி நொடிகளில் பந்தோடு வந்த ஜிம் டெய்லரைக் கீழே சாய்த்து, மணி அடிக்கும்வரை அவர்மேலேயே உட்கார்ந்துகொண்டார். 17-13. பிற்காலத்து ஆட்டக்காரர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, அவ்வப்போது வாரிவிடுவார். கோடிக்கணக்கில் வாங்குகிறவர்களைப் பார்த்து, கான்கிரீட் விற்ற மனிதருக்கு எரிச்சல் வந்தால் தப்பா என்ன.

எதிராளியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற தற்காப்பு வரிசையைப் பற்றிப் பேச நேரம் போதாது. ரெஜி ஒயிட்டை மட்டும் சொல்லாமல் விட முடியாது, டென்னசிக்காரர், 17 வயதிலேயே பாப்டிஸ்ட் சபைப் போதகர். ஈகிள்ஸுக்கு 121 ஆட்டம் ஆடி 124 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்திருக்கிறார். ஆட்டத்துக்கு ஒரு முறைக்கும் மேல்! 2004இல், 43 வயதில் காலமானார்.

அப்புறம் ஜெர்மேன் மேபெரி. 1996இல் முதல் சுற்றில் வந்த கார்டு, ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு. சின்ன வயதில் யாராவது சோதித்துப் பார்த்திருந்தால் சரிசெய்திருக்கலாம், பார்க்கவில்லை. கைக்குப் பணம் வந்ததும் 1,00,000 டாலரை எடுத்துக் கொடுத்தார், அதில்தான் ஈகிள்ஸின் கண் பரிசோதனை வண்டி உருவாகி, பிலடெல்ஃபியா பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி கொடுக்க ஆரம்பித்தது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். எப்போதாவது ஈகிள்ஸ் ஆட்டம் கண்ணில் பட்டால் ஒன்று செய்யுங்கள். பந்து நகர்ந்தவுடன் அதன் பின்னால் போகாமல், முதல் மூன்று நொடி குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் ஓரமாக நிற்கும் 68ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். அதுதான் பாங்க்ஸ்டவுன் பையன். வணக்கம்.