எண்ணெயும் மசாலாவும் இன்சுலினுக்கு உதவுமா?

[காட்சி: தசை உயிரணு ஒன்றின் அசைவுப்படம்]

உணவு செரித்து இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசை உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தியவுடன் உள்ளே அடுத்தடுத்துச் சமிக்ஞைகள் கடத்தப்பட்டு, அதுவரை உள்ளே ஒதுங்கியிருந்த குளுட்-4 என்னும் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே எடுத்துச்செல்கின்றன. குறைந்த இன்சுலினுக்கே இது நடந்தால் உணர்திறன் நன்றாக இருக்கிறது என்று பொருள். கணையம் மேலும் மேலும் சுரந்தால்தான் நடக்கும் என்றாகிவிட்டால் அது இன்சுலின் எதிர்ப்பு. கல்லீரலிலும் தசையிலும் தேங்கும் கொழுப்பு இந்தச் சமிக்ஞைகளைக் குலைக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதால், எண்ணெயிலிருந்தே தொடங்குவோம்.

[காட்சி: வெண்ணெய்க் கட்டியும் ஆலிவ் எண்ணெய்க் குப்பியும்]

2001இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 162 பேரில் ஒரு பிரிவினருக்கு வெண்ணெயில் உள்ளது போன்ற நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவும், மற்றொரு பிரிவினருக்கு ஆலிவ் எண்ணெயில் உள்ளது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த உணவும் மூன்று மாதங்கள் வழங்கப்பட்டன. முதல் பிரிவினரின் இன்சுலின் உணர்திறன் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் பிரிவினருக்கு மாற்றமில்லை. ஆனால் மொத்தக் கலோரியில் 37 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பிலிருந்தே பெற்றவர்களிடம் இந்த வேறுபாடு மறைந்துபோனது. நல்ல எண்ணெய் என்று அளவின்றி ஊற்றிக்கொள்வோர் இந்த முடிவைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

2014இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இயல்பான எடையுள்ள 39 பேருக்கு ஏழு வாரங்கள் கூடுதலாக மஃபின்கள் கொடுத்தார்கள். சிலருடையது நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, மற்றவர்களுடையது சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு எடை கூடியும், பாமாயில் பிரிவினரின் கல்லீரலில்தான் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது. பின்னர் 2016இல், 102 உணவு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களிலுள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பு வந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு ஓரளவு மேம்படுவதும் இன்சுலின் எதிர்ப்பு ஓரளவு குறைவதும் தெரிந்தது. பலன் கிடைப்பது ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதால் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வழக்கமான உணவின்மேல் தினம் இரண்டு கரண்டி எண்ணெய் குடிப்பது வேறு வேலை. அது எடையைக் கூட்டி, நாம் தேடும் உணர்திறனையே குறைக்கக்கூடும்.

[காட்சி: லவங்கப்பட்டை, வெந்தயம், மஞ்சள்]

மசாலாப் பொருட்களில் லவங்கப்பட்டைக்கே புகழ் அதிகம். 2003இல் பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த 40 நாள் ஆய்வில், நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம் வரை எடுத்துக்கொண்டவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை கணிசமாகக் குறைந்ததாகத் தெரியவந்தது. ஆனால் 2012இல் 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் குழு, நீரிழிவுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றே முடிவுசெய்தது. தினமும் கரண்டிக் கணக்கில் உண்போருக்கு இன்னொரு கவலையும் உண்டு. பரவலாக விற்கப்படும் கேசியா வகைப் பட்டையில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்னும் வேதிப்பொருள் மிகுதி. இலங்கை வகையில் அது மிகக் குறைவு.

வெந்தயத்தின் செயல் வேறு. அதிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகிச் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. உணவுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுவது நல்லதுதான் என்றாலும், உயிரணுக்களின் உணர்திறன் கூடிவிட்டது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

மஞ்சளைப் பற்றி, நீரிழிவின் முன்நிலையில் இருந்த 240 பேரிடம் தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு நம்பிக்கையளிக்கும் முடிவைத் தந்தது. ஆனால் அதில் கொடுக்கப்பட்டது மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருளின் சாறு அடங்கிய மாத்திரை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான், அதிலும் உடலில் சேர்வது சொற்பம். செறிவூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்திருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடங்கக் கூடாது.

[காட்சி: சிறு கண்ணாடிக் குப்பிகள்]

பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் என்று சிறு குப்பிகளில் விற்கப்படும் நறுமண எண்ணெய்கள் சமையல் எண்ணெய் அல்ல. அவற்றைக் குடித்தால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகலாம். கிராம்பு எண்ணெயைக் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது.

இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் வெந்தயத்தையோ குர்குமினையோ பெருமளவில் சேர்த்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகலாம். ஆகவே மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டு, எண்ணெயை மாற்றிச் சுமார் மூன்று மாதங்கள் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் என்பதால், இரண்டே வாரத்தில் பார்த்து முடிவெடுக்க முடியாது.