விரதக்காரரும் வந்து நிற்கும் கடை

நேயர்களுக்கு வணக்கம். மொரிசியஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, ஏழு கறியைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வாழை இலை, ஏழு கறி, ரசம், பாயசம் என்று அதைப் பற்றிக் கோயில் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது நின்றுகொண்டே சாப்பிடுகிற சாப்பாடு. தெருமுனைத் தால் பூரி, பேக்கரி ரொட்டி, நூடுல்ஸ் கடை, ஆவியில் வெந்த உருண்டைகள் விற்கும் புலெத் வண்டி. இணையம் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேட்கிறவர்கள் இருப்பதால் சிலவற்றைக் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன். உள்ளூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்க் கணக்கு. பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு இது. 2011 கணக்கெடுப்பின்படி பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்துக்கள், நூற்றுக்கு 26 பேர் கத்தோலிக்கர், 17 பேர் முஸ்லிம்கள். இவர்களில் ஒருவருக்கு மாடு ஆகாது, இன்னொருவருக்குப் பன்றி ஆகாது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவருக்குப் பத்து நாளைக்கு முட்டைகூட ஆகாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பக்தியுள்ள கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி கிடையாது. புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் நம்மவர்களில் பாதிப் பேர் சைவம். தெருவில் கடை போட்டவர் இத்தனை பேருக்கும் விற்றாக வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மட்டும் விற்றுப் பிழைக்க இது பெரிய ஊர் இல்லை.

என் கட்சி இதுதான். எந்தச் சாப்பாட்டை யாருடைய விரதமும் தடுக்கவில்லையோ, அதுதான் இங்கே தெருவுக்கு வந்து எல்லாருக்கும் பொதுவானது. ருசியெல்லாம் அப்புறம்.

தால் பூரியையே பாருங்கள். 1834 தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பகுதி பீகார்ப் பக்கத்துப் போஜ்புரிக்காரர்கள். பூரணம் வைத்த அவர்களுடைய ரொட்டிதான் இது. கடலைப் பருப்பை விரலில் நசுங்கும் பதத்துக்கு மட்டும் வேகவைக்க வேண்டும். குழைந்துவிட்டால் காரியம் கெட்டது. தண்ணீரை நன்றாக வடித்து, பருப்பு ஆறியதும் உதிரி உதிரியாக அரைத்து, மஞ்சளும் வறுத்த சீரகமும் சேர்ப்பார்கள். வடித்த தண்ணீரைக் கொட்டிவிட மாட்டார்கள், அதை ஊற்றித்தான் மைதாவைப் பிசைவது. உருண்டைக்குள் பருப்புத் தூளை அடைத்து, கிழியாமல் மெல்லிசாகத் தேய்த்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிப் போட்டால் இரண்டு புரட்டு. அவ்வளவுதான். சிவக்கவிடக் கூடாது. எடுத்ததும் துணிக்குள் அடுக்கி மூடிவிடுவார்கள். அந்த ஆவியிலேயே அது துவண்டு மெத்தென்று ஆகிவிடும்.

விற்பது எப்போதும் ஜோடியாகத்தான். கடைக்காரர் இடது கையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் இரண்டு தால் பூரியைச் சற்றே விலக்கிப் போடுவார். ஒரு கரண்டி குரோ புவா, அதாவது பெரிய மொச்சைக் குழம்பு. ஒரு கரண்டி ருகாய், தக்காளியும் வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கியது. கொத்தமல்லிச் சத்தினி கொஞ்சம். அப்புறம் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். மிளகாய் வேண்டுமா என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். தலையை ஆட்டினால் அரைத்த மிளகாய் ஒரு தீற்று. சுருட்டிக் கையில் கொடுப்பதற்குள் அடுத்தவருக்குத் தாள் விரிந்துவிடும். ரோஸ் ஹில்லில் அரபு டவுன் சந்தைப் பக்கம் மதிய நேரத்தில் போய் நின்று பாருங்கள். வங்கி ஊழியர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொப்பி போட்ட மௌலவி, நெற்றியில் திருநீறு போட்டவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அதில் மாடு இல்லை, பன்றி இல்லை, முட்டையும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எவருக்கும் இல்லை.

இந்த ஊரில் எது யாருடையது என்பதில் சண்டை வராமல் இல்லை. நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998ல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நாம் எழுப்பிய குரலில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், போஜ்புரிக்காரர் வீட்டு ரொட்டியைத் தமிழர் விற்கிறார், முஸ்லிம் விற்கிறார், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் குடும்பம் வாங்கிப்போய் ஞாயிற்றுக்கிழமை விருந்தாக வைக்கிறது. இதற்கு மட்டும் எவரும் வழக்குப் பேச வரவில்லை.

நம்முடைய பங்கும் இருக்கிறது. கத்தோ பிமா என்று எல்லாரும் வாங்கித் தின்கிறார்களே, அது நம் பருப்பு வடையேதான். தட்டையாகத் தட்டாமல் சிறு உருண்டையாகப் பொரிக்கிறார்கள், வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளை நறுக்கிப் போடுகிறார்கள். ஊறவைத்த பருப்பை ஒன்றிரண்டாக அரைப்பது, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் பாட்டி செய்த மாதிரியேதான். ஆனால் அதைச் சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் பாட்டி மூக்கில் விரல் வைப்பார். சூடான ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நாலைந்து கத்தோ பிமாவை உள்ளே வைத்து நசுக்கி, அதைக் காலை உணவாகச் சாப்பிடுகிறோம். வடையைச் சட்னியோடு மட்டும் தின்று வளர்ந்த தமிழ்நாட்டு நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டும்போது சிரிப்பு நின்றிருக்கும்.

அந்த ரொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1715லிருந்து 1810 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தீவு இது. ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள், பேக்கரி மட்டும் பிரெஞ்சுப் பேக்கரியாகவே இருந்துவிட்டது. நாங்கள் தினமும் வாங்குவது உருண்டையான சின்ன ரொட்டி, பேன் மேசோன். எடை 100 கிராம். விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது, மானியமும் கொடுக்கிறது. பல வருடங்களாக 2 ரூபாய் 60 காசு. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வர வேண்டும். உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறும்போதெல்லாம் இங்கே நிதியமைச்சருக்குத் தலைவலி. ரொட்டி விலையில் கை வைக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வராது.

காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை என்று ரொட்டி சூடாக வெளியே வரும். பிற்பகல் ரொட்டிக்குத்தான் மவுசு. விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகளில் மேல்தோல் மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். இதற்கு மட்டும் உள்ளூர்க்காரர் வேறு ஊர் ரொட்டியை ஒத்துக்கொள்ளவே மாட்டார். இப்போது நிறையப் பேக்கரிகளில் இரவெல்லாம் மாவு பிசைகிறவர்கள் வங்காளதேசத்துத் தொழிலாளிகள். நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போவதில்லை. ரொட்டிக்கும் விரதத்துக்கும் ஒரு தகராறும் கிடையாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பழைய நாளில் இந்த ரொட்டியையும் கத்தோ பிமாவையும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட லோத்தெல் திதே என்ற தேநீர்க்கடைகள் இருந்தன. வெனிலா மணக்கும் உள்ளூர்த் தேயிலையில் பால் சேர்த்த டீ கிடைக்கும். பெரும்பாலும் மூடிவிட்டார்கள். 2011ல் பகதெல் மால் திறந்த பிறகு காபி குடிப்பதற்கென்றே காரில் போகிற தலைமுறை வந்துவிட்டது. போகட்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, விலையைத் தவிர.

இனி நூடுல்ஸ் கடை. இங்கேதான் என் கட்சிக்குக் கொஞ்சம் சோதனை. சீனர்கள் கொண்டுவந்த சமையலில் பன்றிக்குப் பெரிய இடம் உண்டு. தலைநகர் போர்ட் லூயியின் சைனா டவுனில் ராயல் வீதியிலேயே ஜும்மா பள்ளிவாசலும் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கம். அப்படியிருக்க, பன்றியை மட்டும் நம்பி எவ்வளவு நாள் வியாபாரம் செய்ய முடியும்? தெருவுக்கு வந்த நூடுல்ஸில் கோழி, முட்டை, இறால் என்றாயிற்று. இன்றைக்கு மின் ஃப்ரிர் என்ற பொரித்த நூடுல்ஸை முஸ்லிமும் போடுகிறார், தமிழரும் போடுகிறார். சீனக் குடும்பம் நடத்தாத சீனக் கடைகள்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. பெரிய இரும்புச் சட்டி, அடியில் சீறும் நெருப்பு, சோயா, முட்டைக்கோஸ், மேலே வெங்காயத்தாள். கூடவே பூண்டுத் தண்ணீர் ஒரு புட்டியில் இருக்கும். நசுக்கிய பூண்டு, வினிகர், கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர். அது இல்லாமல் கொடுத்தால் தட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

கியூர்பிப்பில் தூறல் விழும் சாயங்காலத்தில் புலெத் வண்டி முன்னால் நிற்பது தனிச் சுகம். மீன் உருண்டை, இறைச்சி உருண்டை, தோஃபு, எல்லாம் ஆவியில் வெந்து அடுக்கடுக்காக இருக்கும். கை காட்டினால் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றித் தருவார்கள். அதில் நியுக் யென் என்பது சௌசௌவைத் துருவி மாவோடு பிசைந்து செய்வது. காய்தானே என்று விரதக்காரர்கள் ஆசையோடு கேட்பார்கள். ஒரு காவடி விரதத்தின்போது நானும் கேட்டேன். கடையின் பெயர் வேண்டாம். "காய் மட்டும்தான் ஐயா" என்றார். ஒரு கடி கடித்தேன், பல்லில் காய்ந்த இறால் மாட்டியது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மணத்துக்குப் போடும் இறாலை அவர் அசைவக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. புலெத் இன்னும் முழுதாகக் கரை சேரவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அலிமும் எனக்கு எதிர்ச்சாட்சிதான். பருப்பும் இறைச்சியும் கரைய வெந்த அந்தச் சூப்பை ரொட்டியோடு எல்லா மதத்தாரும் குடிக்கிறார்கள், விரத நாள் தவிர. சரி, ஒன்றிரண்டு விலக்கு இருக்கட்டும். பதிலுக்கு அலூடாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். போர்ட் லூயி மத்தியச் சந்தைக்குள் அலூடா பிள்ளை கடை எங்கே என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். குளிர்ந்த பால், ஊறிய திருநீற்றுப் பச்சிலை விதை, சீவிய அகர் அகர். அகர் கடற்பாசியிலிருந்து வருவது. விலங்கு எலும்பில் எடுக்கும் ஜெலட்டினைப் போட்டிருந்தால் பாதி ஊர் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்காது.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. உணவு வண்டிகளில் தால் பூரிக்குள்ளேயே கோழிக் கறி, இறால் கறி வைத்துத் தருகிறார்கள். ருசியாக இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள், இருக்கலாம். 2021 ஜனவரியில் பிளாஸ்டிக் கிண்ணங்களுக்குத் தடை வந்தபோது ஒரே வருடத்தில் தாள் பெட்டிக்கு மாறிக்கொண்ட கடைக்காரர்கள் இவர்கள். மாறத் தெரிந்தவர்கள். ஆனால் கோழிக் குழம்பில் போட்ட கரண்டி மொச்சைக் குழம்புக்குள் போன அன்றைக்கே வரிசையில் சில பேர் குறைவார்கள். குறைவது வெளியில் தெரியாது, சண்டை போடாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் கடைக்காரர்களில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். கோழி விற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பாத்திரம், ஒரு கரண்டி தனியாக வையுங்கள். யாராவது கேட்டால் உள்ளே போட்டதை எல்லாம் சொல்லுங்கள், காய்ந்த இறாலையும் சேர்த்து. தைப்பூசத்துக்குக் கொடியேற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் ரொம்ப உபகாரம். வணக்கம்.