குருவிக் கூட்டத்துக்கு யார் தலைவர்?

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, கணிதத் துறைத் தலைவர் அம்மா அவர்களே, விலங்கியல் துறையிலிருந்து அழைப்பில்லாமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று மேடைக்கு மேடை சொல்லி வருகிறேன். பதிவாளர் அய்யா இரண்டையும் கொடுத்து என் வாயை அடைத்துவிட்டார். அவருக்குத் தனி நன்றி.

உயிரினக் கூட்டங்களைக் கணித மாதிரிகளால் ஆராயும் முனைவர் பட்ட ஆய்வுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பறவை, மீன், மனிதர் என்று மூன்று பகுதியாகப் பேசுகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும்: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான குருவிகள் ஒரே உடம்பு மாதிரி வானத்தில் சட்டென்று திரும்புகின்றனவே, யார் சொல்லித் திரும்புகின்றன? எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர், பறவைகள் மனதோடு மனம் பேசிக்கொள்கின்றன என்று 1931-இல் எழுதினார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பல வருடம் வயலில் நின்று பார்த்த மனிதர் அவர். 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் வரைகலைக்காரர் மூன்றே விதி போதும் என்றார். பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே, அவன் போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான், திரையில் பறவைக் கூட்டம் பறந்தது. 1995-இல் ஹங்கேரியின் தமாஷ் விச்செக்கும் கூட்டாளிகளும் இதை இன்னும் சுருக்கி, பக்கத்தில் இருப்பவர்களின் சராசரித் திசையை எடுத்துக்கொள், அதில் கொஞ்சம் பிசகு இருக்கட்டும் என்றார்கள். பிசகு குறைந்தாலோ நெரிசல் கூடினாலோ மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் திரும்பிவிடும். பெயர்தான் தமாஷ், ஆள் பெரிய இயற்பியலாளர்.

சரி, நிஜக் குருவி இதற்கெல்லாம் கட்டுப்படுகிறதா? ரோமாபுரிக்குப் போவோம். குளிர்காலம் வந்தால் அந்த ஊருக்கு ஸ்டார்லிங் குருவிகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். நம் தென்மாவட்டங்களுக்கு வரும் சூறைக்குருவிக்குச் சொந்தம். பகலெல்லாம் வயல்காட்டில் மேய்ந்துவிட்டு, பொழுது சாய ஊருக்குள் இருக்கும் மரங்களில் அடையும். அடைவதற்கு முன்னால் வானத்தில் ஒரு ஆட்டம். பார்க்க அழகுதான். ஆனால் கீழே கார் நிறுத்தியவனைக் கேட்டால் தெரியும்! மழையே இல்லாத நாளில் குடை பிடித்துப் போகிறார்கள் அங்கே. அந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அருங்காட்சியகம், பலாஸோ மாஸ்ஸிமோ. அதன் மொட்டை மாடியில் ஆண்ட்ரியா கவாக்னா, ஐரீன் ஜார்தினா குழு கேமராக்களை வைத்துக் காத்துக் கிடந்தது. கூட்டம் கேமராவுக்கு நேராக வந்தால் படம், வராவிட்டால் அன்றைய குளிர்தான் மிச்சம். கிடைத்த படங்களில் எந்தக் கேமராவின் எந்தப் புள்ளி எந்தக் குருவி என்று பொருத்துவதுதான் பெரிய தலைவலி. பொருத்தி, ஒவ்வொரு பறவையின் இடத்தையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, 2008-இல் முடிவைச் சொன்னார்கள். ஒவ்வொரு குருவியும் தன்னைச் சுற்றி ஆறேழு பேரைத்தான் கவனிக்கிறது. அவர்கள் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார்கள் என்பது பொருட்டே இல்லை. அதனால்தான் வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறி விரிந்தாலும் ஆறேழு பேர் கணக்கு மாறாமல் கூட்டம் நிலைக்கிறது. தலைவர் என்று தனியாக ஒரு குருவி கிடையாது. மேடையில் இருக்கும் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த வேலையில் இருந்த ஜார்ஜியோ பாரிசி 2021-இல் நோபல் பரிசு வாங்கினார். சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆராய்ச்சிக்கு வாங்கியது அது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் குழுவில் இயற்பியலாளர்களோடு பறவை ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுத்தார்கள்.

மீன் பகுதியைச் சுருக்கிவிடுகிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஸ்வேஷ குட்டல் குழு, கேரளத்துக்காரர்கள் பொரித்துத் தின்னும் கரிமீனைத் தொட்டியில் விட்டுப் படம் பிடித்தது. 2020-இல் வெளியான முடிவு: ஒரு மீன் அவ்வப்போது யாரோ ஒரு மீனைப் பார்த்துத் திசையை மாற்றிக்கொண்டால் போதும். சின்னக் கூட்டம்தான் பெரிய கூட்டத்தை விட ஒழுங்காக நீந்துகிறது. விச்செக் கணக்கில் ஒழுங்கைக் கெடுத்த பிசகு, இங்கே சின்னக் கூட்டத்தில் ஒழுங்கைக் கொண்டுவருகிறது. மீன் வளர்க்கவும் சமன்பாடு எழுதவும் ஒரே ஆய்வகத்தில் ஆள் இருந்ததால் நடந்த வேலை இது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு மாணவி எறும்பு வரிசையைப் பற்றிக் கணித மாதிரி எழுதினாள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். இதில் தேற்றம் எங்கே என்றது கணிதத் துறை. எறும்பை எந்தப் பெட்டியில் வைத்து எண்ணினாய் என்றது விலங்கியல் துறை. எண்ணிக் காட்டலாம்தான், ஆனால் வேறு துறையின் ஆய்வகத்துக்குள் நுழைய அவளுக்கு அனுமதி இல்லை. நெறியாளர் ஒருவர்தான், அவரும் சொந்தத் துறைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒன்றரை வருடம் அந்தக் கோப்பு இரண்டு மாடிக்கும் நடுவே ஏறி இறங்கியது. வடத்தை ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டுத் தேர் ஏன் நகரவில்லை என்று கேட்டால் எப்படி?

துணைவேந்தர் அய்யா, நான் கேட்பது பணம் இல்லை. முனைவர் பட்டப் பதிவுப் படிவத்தில் வேறு துறை இணை நெறியாளருக்கு ஒரு வரி. அவருக்கும் அந்த ஆய்வு கணக்கில் ஏறும் என்று ஒரு சுற்றறிக்கை. அந்த மாணவருக்கு இரண்டு ஆய்வகத்துச் சாவியும் கிடைக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். மனிதர் பகுதியைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. விலங்கியல்காரர்கள் போகிற வழியில் முதலில் கையெழுத்துப் போடுங்கள், கணிதத் துறை அம்மா இரண்டாவதாகப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். வணக்கம்.