80 ரூபாய் வல்லாரை, வல்லாரையே இல்ல!

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். ஏற்காடு போற வழியில ஒரு நர்சரி, வல்லாரைன்னு போர்டு, தொட்டி 80 ரூபாய். 80! உழவர் சந்தையில கட்டுக் கட்டா கிடைக்கிற கீரைக்கு 80. அதுவும் போகட்டும்னா, உள்ள இருக்கறது வல்லாரையே இல்ல.

இந்தா, கிட்டக்க காட்டுறேன். இலையைத் திருப்புங்க. காம்பு நட்ட நடுவுல, குடைக்கம்பி மாதிரி ஒட்டியிருக்கா? அது வெளிநாட்டு ஹைட்ரோகோட்டில், மீன்தொட்டிக்கு விக்கிறது. வல்லாரைக்குக் காம்பு விளிம்புல இருக்கற வெட்டுலதான் சேரும்.

அட, ஒண்ணு விட்டுட்டேன். மலை ஓடையோரத்துல இந்தச் சோதனை கவுத்துடும். நம்ம நாட்டு ஹைட்ரோகோட்டில் ஜாவானிகாவுக்கும் காம்பு வெட்டுலதான். அங்க கணுவைப் பாருங்க. கணுவுக்கு ஒரே இலைன்னா ஜாவானிகா, அதையும் பிடுங்காதீங்க, அதுவும் நம்மூருதான். மூணு நாலு இலை கொத்தா கிளம்புனா வல்லாரை. பூ இருந்தா சந்தேகமே இல்ல. இலைக்கடியில, மண்ணை ஒட்டி, மூணு மூணா இளஞ்சிவப்பா ஒளிஞ்சிருக்கும். 10 மடங்கு பெருசாக் காட்டுற கை லென்ஸை எடுங்க. காய் முத்துனா மல்லி மாதிரி ரெண்டா பிரியும்; ரெண்டும் கேரட் குடும்பம்தானே. ஹைட்ரோகோட்டிலை இப்ப அந்தக் குடும்பத்துலேர்ந்தே எடுத்துட்டாங்க. ஆனா செடிகளுக்கு அறிவியல் பேர் வைக்கற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸே 1753-ல வல்லாரைக்கு ஹைட்ரோகோட்டில்னுதான் பேர் வச்சாரு. அதனால நர்சரிக்காரரைத் திட்டல, 80 ரூபாயைத்தான் திட்டுறேன்.

ஏரிக்கரையில வேரோட உருவுறவங்களைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. இலையைக் காம்போட கிள்ளுங்க, கொடி அப்படியே கிடக்கட்டும். சாக்கடை கலக்கற இடத்துல கிள்ளவே வேணாம், தண்ணியில இருக்கற உலோகத்தை உறிஞ்சி வச்சிருக்கும்.

வீட்டுல வளர்க்க வேர்விட்ட ரெண்டு கணு போதும். ஆறு அங்குல ஆழத்துல அகலமான தொட்டி, மூணு பங்கு களிமண், ஒரு பங்கு மக்குன தொழுவுரம். வேரை மட்டும் புதைங்க. கணுவோட குருத்து மண்ணுக்குள்ள போனா அழுகிடும். சேலம் வெயிலுக்குப் பாதி நிழல் கட்டாயம். அடித்தட்டுல ஒரு அங்குலம் தண்ணி, ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்துங்க, இல்லன்னா கொசு வந்துடும்.

அந்த வெளிநாட்டுச் செடியை மட்டும் ஏற்காடு ஏரியிலயோ மூக்கனேரியிலயோ வீசிடாதீங்க. ஒரு கணுத் துண்டு சேத்துல பட்டாலே வேர் பிடிச்சுக்கும். மொட்டைமாடியில சருகாக் காயவச்சுட்டுத்தான் குப்பையில போடணும். இந்தா பாருங்க, என்னோடது காயுது. தொட்டியில இப்ப நிஜ வல்லாரை. தொட்டி நல்ல தொட்டிங்க, அதை மட்டும் ஒத்துக்கறேன்.