தொட்டிக்குள் தங்கியவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்த ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் இருப்பது, இன்று காலை ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் மொண்டது. நன்றாகக் கலக்கிவிட்டு மேசைமேல் வைக்கிறேன். இப்போது பழுப்பாகக் குழம்பிக் கிடக்கிறது. அரை மணி நேரம் மேசையை யாரும் ஆட்ட வேண்டாம். கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

இந்தப் பழுப்பைப் பார்த்தால் சேறு என்றுதான் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி பாக்டீரியா. ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்கு துணுக்காக மிதக்கிறது. ஒரு துணுக்கை ஃப்ளாக் என்போம், மொத்தத்தையும் ஸ்லட்ஜ், அதாவது கசடு என்போம். என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: “என்ன பாக்டீரியா போடுறீங்க?” பெரும்பாலும் எதையும் போடுவதில்லை. வருகிற கழிவுநீரிலேயே அவை கோடிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன. வருவது பெரிய விஷயமில்லை. தங்குவது யார் என்பதுதான் கேள்வி.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில், 1914-இல். பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினார்கள். முதல் தடவை அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய 5 வாரம் ஆனது. காற்றூட்டிப் பார்த்தவர்கள் அவர்களுக்கு முன்பும் உண்டு. இவர்கள் செய்த புதுமை அதற்கு அப்புறம்தான். மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டார்கள். அதன்மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படியே செய்யச் செய்ய நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 24 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டார்களே, அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் துறை.

அந்தப் பாட்டிலுக்குள் என்ன நடந்தது? தனியாக நீந்தித் திரிந்த பாக்டீரியா, வடித்த நீரோடு போய்விட்டது. கூட்டமாக ஒட்டிக் கனமானது அடியில் தங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே சலித்தெடுப்பு. பாக்டீரியாவே சுரக்கும் சர்க்கரையும் புரதமும் கலந்த பிசின்தான் ஒட்டுவதற்குப் பசை. நடுவே நூல்போல நீளும் வகைகள் சில உண்டு. ஃப்ளாக் சிதறாமல் எலும்புக்கூடுபோலத் தாங்குவது அவைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் ஃப்ளாக்குக்கு வெளியே நீண்டு ஒன்றையொன்று விலக்கிப் பிடித்துக்கொள்ளும். கசடு பஞ்சுபோல உப்பிக்கொண்டு படிய மறுக்கும்.

ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது. ஃப்ளாக்கின் விளிம்பில், மெல்லிய தண்டின் நுனியில் கவிழ்த்த மணிபோல வோர்ட்டிசெல்லா என்ற ஒரு செல் உயிர் நிற்கும். வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று நீரை உள்ளே இழுக்கும். ஸ்லைடை லேசாகத் தட்டினால் தண்டு ஸ்பிரிங்போலச் சட்டென்று சுருண்டுகொள்ளும். அப்புறம் மெதுவாக நிமிரும். ஒட்டாமல் அலையும் பாக்டீரியாவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை இவைதான். புதிதாகத் தொடங்கிய தொட்டியில் இவற்றைப் பார்க்க முடியாது. முதலில் சாட்டைபோன்ற இழையை வீசி நீந்தும் சிற்றுயிர்கள், பிறகு மயிரிழைகளால் ஓடித் திரியும் சிலியேட்டுகள், கூட்டம் நிலைத்த பிறகே தண்டுள்ளவை. நிலையத்தின் வயதை ஒரு சொட்டில் படித்துவிடலாம்.

சரி, யார் தங்க வேண்டும் என்பதில் நமக்கு என்ன பங்கு? தினமும் கொஞ்சம் ஸ்லட்ஜை வெளியேற்றுகிறோம். எவ்வளவு வெளியேற்றுகிறோமோ, அதுதான் கசடு தொட்டியில் சராசரியாக எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் கரிமக் கழிவைத் தின்பவை சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். அம்மோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் போன்றவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். தாங்கள் பெருகுவதைவிட வேகமாக வெளியேற்றப்பட்டால் அவை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். கசடு அதிகமாகத் தெரிகிறது என்று பயந்து, ஒரு வாரம் தாராளமாக வெளியேற்றினேன். நீர் தெளிவாகத்தான் வந்தது. அம்மோனியா மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் ஆற்றுக்குப் போன நீரை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 23 நாடுகளின் 269 நிலையங்களிலிருந்து ஸ்லட்ஜ் எடுத்துப் பார்த்தார்கள். எல்லையில்லாத பன்மை. ஆனால் உலகம் முழுக்கப் பொதுவான மையக் கூட்டம் என்று தேறியது 28 வகைகள்தான். அதனால்தான், நல்ல நிலையத்திலிருந்து கொஞ்சம் ஸ்லட்ஜைக் கொண்டுவந்து விதையாக ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். பாக்கெட்டில் வரும் பாக்டீரியாப் பொடியில் குறைவு. பொடியில் இருப்பவை இப்படிப்பட்ட தொட்டியில் வாழ்ந்து பழகியவை அல்ல.

பொறுமைக்கு ஓர் உதாரணம் நெதர்லாந்தின் ரோட்டர்டாம். அம்மோனியாவை நேரே நைட்ரஜன் வாயுவாக்கும் அனம்மாக்ஸ் பாக்டீரியாவுக்கு அங்கே 2002-இல் முதல் பெரிய கலனைத் தொடங்கினார்கள். அவை இரட்டிக்க ஏறத்தாழ 11 நாள் பிடிக்கும். கலன் முழுத் திறனுக்கு வர மூன்றரை ஆண்டு ஆனது. காத்திருந்தார்கள்.

அரை மணி நேரம் ஆகிவிட்டது, குடுவையைப் பார்ப்போம். கசடு 240 மில்லி கோட்டில் நிற்கிறது. லிட்டருக்கு 3 கிராம் திடப்பொருள் இருப்பதைக் காலையிலேயே எடை பார்த்துவிட்டேன். அப்படியானால் ஒரு கிராம் கசடு 80 மில்லி இடம் பிடிக்கிறது. 150-ஐத் தாண்டினால்தான் கவலை. மேலே நிற்கும் நீர் வழியாகப் பின்னால் இருக்கும் எழுத்து தெரிகிறது பாருங்கள். அருகில் வந்து பார்க்க நினைப்பவர்கள் இப்போதே வாருங்கள். உள்ளே ஆக்ஸிஜன் எப்போதோ தீர்ந்திருக்கும். நைட்ரேட்டைச் சுவாசிக்கும் கூட்டம் வேலையைத் தொடங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால், நைட்ரஜன் குமிழ்கள் ஒட்டி அடியில் இருப்பது மேலே மிதந்து வந்துவிடும்.